முட்டையோட்டில் நகப்பூச்சு

ஜனவரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
சர்க்கரை ஆலையின் புகைபோக்கி மேல்
ஆவி அப்படியே நிற்கிறது.
அதைத் தள்ளிக்கொண்டு போக
இந்த வடக்கு டக்கோட்டாவில் காற்றுக்கும் மனமில்லை.

இரவுப் பணி முடிந்து வந்த மாரிட் ஹாகன்ஸ்டாட்
காதோரத்துச் சர்க்கரைத் தூளைத் துடைத்துவிட்டு
அடுக்களை மேசையில் ஒரு முட்டையை எடுத்து வைக்கிறாள்.
நேற்றே பூசிக் காயவைத்தது,
மகளின் ஊதா நகப்பூச்சு, இரண்டு கோட்டிங்.
சுரண்டி எடுக்க வேண்டும். ஓடு விரியக் கூடாது.
பழகச் சொன்னவள் டெனே,
நாற்பது மணி நேரம் இவள் பின்னால் நின்று பார்த்த
கிளினிக்கில் பல் சுத்தம் செய்கிறவள்.
"கையில் பலம் இருக்கிறவங்கதான் முதல்ல உடைப்பாங்க" என்றாள்.

மாரிட்டின் கை
எட்டு வருடமாக ஐம்பது பவுண்டு மூட்டைகளைத்
தைத்து அடுக்கிய கை.
இதுவரை ஐந்து முட்டை போயிற்று.

மோதிர விரலை ஊன்று.
கட்டைவிரலும் ஆள்காட்டியும் பிடிக்கட்டும், நெரிக்க வேண்டாம்.
திரும்புவது மணிக்கட்டு, விரல் அல்ல.
ஊதாத் துகள் ஒன்று
நகத்தடியில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய வேதியியல் மதிப்பெண்
காலாவதியாகிவிட்டதாம்.
பாலுக்குத்தான் தேதி என்று நினைத்திருந்தாள்.
மறுபடி சேர்ந்து, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து,
மோல் கணக்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டு,
பி மைனஸ்.
உடற்கூறியலில் ஏ. நுண்ணுயிரியலிலும் ஏ.
அமிலம் கக்கும் அந்தக் கிருமி என்ன தின்கிறது
என்ற கேள்விக்கு அவள் யோசிக்கவே இல்லை.
லாரி லாரியாக அனுப்பிவைப்பவளுக்குத் தெரியாதா.

இருபத்துநான்கு இடம்.
விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள்.
கட்டணம் அறுபது டாலர், திரும்பக் கிடைக்காது.
பாக்கி இருப்பது ஒரு பக்கக் கட்டுரை:
இந்தப் படிப்பை நீங்கள் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

'மக்களுக்கு உதவுவது எனக்குச் சிறுவயது முதலே...'
அழித்தாள்.
'புன்னகை என்பது...'
அதையும்.

எழுதாமல் விட்டது வெர்லினை.
தையல் இயந்திரத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவர்,
சிரித்தால் கையுறையால் வாயை மூடிக்கொள்கிறவர்,
எந்தப் பேச்சையும் நாலு சொல்லில் முடிக்கிறவர்.
எண்ணிப் பழக ஒரு வாய் வேண்டும் என்று
மூன்று வாரம் கெஞ்சினாள்.
போன செவ்வாய், விடிகாலை மூன்று மணி இடைவேளையில்
மூட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்து
தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினாரோ.
திறந்தார்.

செல்போன் வெளிச்சத்தில் அவள் எண்களை மட்டும் சொன்னாள்.
ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, வேர் மட்டும்.
நான்கு, இருக்கிறது.
முப்பத்திரண்டு வரை, குரல் ஏறாமல் இறங்காமல்.
இருப்பது பத்தொன்பது.
ஈறு வடிந்து இறங்கி,
வெள்ளம் போன பின் தெரியும் பாலத்தின் கால்களாய்
நீண்டு நின்றன கீழ்ப் பற்கள்.

வாயை மூடிய வெர்லின் கொஞ்ச நேரம் கன்வேயரையே பார்த்திருந்தார்.
"பாத்தவங்க எல்லாம் 'அடக் கடவுளே'ன்னுதான் சொன்னாங்க.
யாரும் எண்ணினதில்ல."
அப்புறம் மணி அடித்தது. காபி ஆறிப்போயிருந்தது.

இதைக் கட்டுரையில் போடலாமா?
அது அவர் வாய்.
இன்றிரவு கேட்கலாம்.
மாட்டேன் என்பார், பிறகு
தொப்பியைக் கழற்றினாலும் கழற்றுவார்.

ஏழேகால். மகள் பிரின்லி எழுந்து வருகிறாள்,
வாணலியை அடுப்பில் வைக்கிறாள்,
மேசையிலிருந்த முட்டையை விளக்கடியில்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
ஊதா இல்லை. கீறல் இல்லை.
"இது தேறிடுச்சா?"
"தேறிடுச்சு."
டக்.
வாணலி விளிம்பில் உடைத்து ஊற்றுகிறாள்.

மாரிட் மேசையிலிருந்த துகளை
உள்ளங்கையில் வழித்துப் போட்டுவிட்டு
அட்டைப்பெட்டியைத் திறக்கிறாள். இன்னும் ஆறு.
பூச்சுதான் புட்டியின் அடியில்
கொஞ்சம் போலக் கிடக்கிறது.